தையல் வேண்டாத துணி

போன வருடம் பங்குனியில், மேனேஜர் புது ஆர்டர் காகிதத்தைக் கட்டிங் மேசைக்கு மேலே ஒட்டிய நிமிடமே அது என்ன துணி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளைப் பருத்தி. கரை கூடாது. ஓரம் மடித்துத் தைக்கக் கூடாது. முத்திரை, லேபிள், எழுத்து எதுவும் கூடாது. கறை அறவே கூடாது. பெரியது, நடுத்தரம், சின்னது என்று மூன்று அளவு. அளவுகளைச் சென்டிமீட்டரில் போட்டிருந்தார்கள். மனசுக்குள் முழமாக மாற்றிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

அது கபன் துணி. இறந்தவர்களைக் குளிப்பாட்டிய பிறகு சுற்றி, அடக்கம் செய்யக் கொண்டுபோகிற துணி.

குமாரபாளையத்தில் துணி ஏற்றுமதி செய்கிற ஒரு பட்டறையில் நான் செக்கிங் வேலை பார்க்கிறேன். தறியில் நெய்து வெளுத்து வந்த துணியை டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்து, இழை அறுந்திருக்கிறதா, எண்ணெய்ப் பொட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது சம்பளத்துக்குச் செய்கிற வேலை. சம்பளமில்லாத வேலை ஒன்றும் இருக்கிறது. எங்கள் ஜமாஅத்தில் பெண்கள் யாராவது மவுத்தானால் குளிப்பாட்டக் கூப்பிடுகிற மூன்று பேரில் நானும் ஒருத்தி. பதினைந்து வருடமாகப் போகிறேன். முதல் தடவை போய்விட்டு வந்து மூன்று நாள் சோறு இறங்கவில்லை. இப்போதெல்லாம் குளிப்பாட்டிவிட்டு வந்து, நானும் குளித்துவிட்டு, இட்லிக்கு மாவு அரைக்கிறேன். கல் நெஞ்சுக்காரி என்று என் நாத்தனார் சொல்வாள். கல்லெல்லாம் இல்லை. மரத்துப் போய்விட்டது, அவ்வளவுதான்.

முதலாளி அன்று காலை வந்து எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினார்.

"வெளிநாட்டு நிவாரணச் சங்கத்து ஆர்டருங்க. சண்டை நடக்கற ஊருக்குப் போகுது. புண்ணியக் காரியம். சுத்தபத்தமா செய்யோணும்."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. அவருக்கே தெரியுமா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். நிவாரண ஆர்டர் எங்களுக்குப் புதிது இல்லை. பூகம்பம் வந்த நாட்டுக்குக் கனத்த போர்வை போட்டிருக்கிறோம், வெள்ளம் வந்த நாட்டுக்குத் துண்டு போட்டிருக்கிறோம். அதிலெல்லாம் கொடுக்கிற நாட்டின் முத்திரையை மூலைக்கு மூலை பெரிதாக அச்சடிக்கச் சொல்வார்கள். தண்ணீரில் கிடப்பவன் துவட்டிக்கொள்ளும்போதாவது யார் கொடுத்தது என்று தெரிய வேண்டாமா! இந்தத் துணியில் மட்டும் தன் பெயரைப் போட ஒரு நாட்டுக்கும் ஆசை இல்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. சாவுத் துணி என்று தெரிந்தால் பாதிப் பேர் மேசையை விட்டு எழுந்து போய்விடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஊரில் துணியில்லாமல் சாக்கிலும் ஜன்னல் திரையிலும் சுற்றி அடக்கம் செய்வதை நான் போனில் பார்த்திருந்தேன். துணி போய்ச் சேர வேண்டும். இது ஒரு காரணம். இன்னொரு காரணம், மேசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த பெண்.

அவளுக்கு அப்போது ஏழு மாதம். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதிருக்கும். மடிப்பு வேலைக்கு அவளைப் போல் கை யாருக்கும் வராது. முதல் பிள்ளை இரண்டு வருடத்துக்கு முன்னால் பிறக்கும்போதே போய்விட்டது. (இந்தப் பிள்ளை இப்போது தவழ்ந்துகொண்டிருக்கிறான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்கள் பயந்துகொண்டே படிக்க வேண்டாம்.) பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அவளை இழவு விழுந்த தெருவில்கூட நடக்க விடமாட்டார்கள். பாடை எதிரே வந்தால் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவார்கள். எங்கள் வீடுகளிலும் அப்படித்தான். மார்க்கத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறதா என்று கேட்டால் இல்லை. ஆனால் மார்க்கம் வேறு, மாமியார் வேறு.

அவளுக்குத்தான் மேனேஜர் சின்ன அளவை ஒதுக்கினார். மாசமா இருக்கிற புள்ள, கனமான பீஸ் தூக்க வேண்டாம் என்று. நல்ல மனுஷன். நல்ல மனுஷனால் வருகிற வம்பு தனி வம்பு.

இன்னும் பன்னிரண்டு நாளில் வளைகாப்பு முடித்து அவளை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள் என்று சொல்லியிருந்தாள். அதுவரை அவளுக்கு இது தெரியக் கூடாது என்று நான் முடிவு செய்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டேன். முதல் நாளே அவளை இடம் மாற்றப் பார்த்தேன்.

"நீ இங்க வந்து நடு சைஸ மடி. சின்னத நான் பாத்துக்கறேன்."

"ஏனுங்க்கா? இது லேசா இருக்குது. உக்காந்துட்டே மடிச்சரலாம்."

"சின்னது நெறைய வரும். கை நோகும்."

"நோவுலீங்க்கா."

அதற்கு மேல் என்ன சொல்வது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள் அதிகம் பேசக் கூடாது. விட்டுவிட்டேன்.

மற்றப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. பெரியது படுக்கை விரிப்பு, நடுத்தரம் மேலே போர்த்துவது, சின்னது கைக்குழந்தைக்கு என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். அதிலும் ஒரு சண்டை.

"பொறந்த கொழந்தைக்கு ஆராச்சும் புதுத்துணி போடுவாங்களா? பழைய வேட்டியக் கிழிச்சுத்தானே சுத்துவோம். ஒடம்புல உறுத்தாதா?"

"வெளிநாட்டுக்காரங்களுக்கு அதெல்லாம் என்ன தெரியும்?"

"ஊட்டுல பழைய வேட்டி இருந்தா அவங்க ஏனுங்க நம்மளக் கேக்கறாங்க? ஊடே இல்லையாமா."

இதைக் கேட்டு எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அவள் மட்டும் தலையைத் தூக்காமல் மடித்துக்கொண்டிருந்தாள். பேச்சை மாற்ற, அன்றைக்குக் காலையில் பாலத்தில் லாரி நின்றுபோய் பவானி வரைக்கும் வண்டி நின்ற கதையைச் சொன்னேன். யாருக்கும் சுவாரஸ்யப்படவில்லை.

நாட்கள் ஓடின. வெள்ளைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் கூசும். மதியத்துக்கு மேல் தலைவலி வந்துவிடும். பெரிய அளவு கையில் வரும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சின்ன அளவு வரும்போதாவது ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. விளிம்பு நேராக இருக்கிறதா, இழை சரியா, பொட்டு இல்லையா, அடுத்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போய் டீ போட்டுக் குடித்தேன். என் பையன் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைத் திட்டினேன். எல்லாம் வழக்கம்போல் நடந்தது. ஒன்றுமே தோன்றாததுதான் எனக்கு உள்ளூரப் பயமாக இருந்தது.

பத்தாம் நாள் சரக்கைப் பார்க்க நிவாரணச் சங்கத்தின் சென்னை ஆபீஸிலிருந்து ஆள் வந்தார். முப்பது வயசுகூட இருக்காது. சட்டையெல்லாம் கசங்கி, தூங்கி நாளானவர் மாதிரி இருந்தார். பெரியது சரி, நடுத்தரம் சரி என்று எழுதிக்கொண்டே வந்தவர், சின்ன அளவில் ஒன்றைப் பிரித்து அப்படியே நின்றுவிட்டார். உள் மடிப்பில், ஒரு மூலையில், விரல் நுனி அகலத்துக்கு மஞ்சள். இன்னொன்றைப் பிரித்தார். அதிலும் மஞ்சள். பிரித்த அத்தனையிலும்.

நான் பார்த்து அனுப்பும்போது அது இல்லை. மடிக்கும்போது வந்திருக்கிறது.

"யாரு வேலைங்க இது?" என்று கேட்டார். மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. மேசையின் கடைசியில் அவள் மெதுவாக எழுந்து நின்றாள்.

"நான்தானுங்க வெச்சேன்."

"ஏம்மா?"

"கோடித் துணிங்க. மஞ்ச வெக்காம எப்பிடிங்க குடுக்கறது?"

அவர்கள் வீட்டு வழக்கம் அது. புதிதாக எது எடுத்தாலும், பள்ளிக்கூட யூனிபார்மாக இருந்தாலும், மூலையில் துளி மஞ்சள் தொட்டு வைக்காமல் உடம்பில் போடமாட்டார்கள். இடுப்பில் ஒரு சின்ன டப்பாவில் மஞ்சள் தூள் வைத்திருந்திருக்கிறாள். ஒவ்வொன்றாக, பத்து நாளாக, யாருக்கும் தெரியாமல். என் கண் எண்ணெய்ப் பொட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது எனக்கு நாலு அடி தள்ளி இது நடந்திருக்கிறது.

அந்த ஆள் வாயைத் திறந்தார். "அம்மா, இது வந்து..." என்று ஆரம்பித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சார், ஒரு நிமிசம் வெளிய வாங்க" என்று குறுக்கே போய் நின்றேன். செக்கிங் செய்கிறவள் அப்படிக் கூப்பிட்டதே அந்தப் பட்டறையில் முதல் தடவை. அவர் வந்துவிட்டார்.

ஜெனரேட்டர் பக்கத்தில் நிழல் இருந்தது. அங்கே நின்று சொன்னேன். "அது என்ன துணின்னு எனக்குத் தெரியும் சார். அந்தப் புள்ளைக்குத் தெரியக் கூடாது. வயித்தைப் பாத்தீங்கல்ல?"

அவர் தலையாட்டினார். நூல் மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தார்.

"மஞ்சள் பட்டா மார்க்கத்துல குத்தம் ஒண்ணுமில்ல சார். அப்படியே அனுப்பலாம்" என்றேன்.

"எனக்கும் தெரியுங்க. ஆனா அங்க எல்லைல கேட்ல நிக்கறவன் கறை இருக்குன்னு எழுதிட்டான்னா மொத்த லோடும் நின்னுடும். போன தடவை பால் பவுடர் அனுப்பினோம். மருந்து, தண்ணி சுத்தம் பண்ற மாத்திரை எல்லாம் அனுப்பினோம். அந்தக் காகிதம் இல்ல, இந்தக் கையெழுத்து இல்லன்னு கேட்லயே நிறுத்திட்டாங்க. வெயில்ல பால் பவுடர் கட்டியாப் போச்சு. இந்தத் துணிய மட்டும்தாங்க இதுவரைக்கும் கேள்வி கேக்காம உள்ள விட்டிருக்காங்க."

இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி ஒரே ஒரு வரத்தை மட்டும் தாராளமாகக் கொடுக்கிறான். எந்தெந்த நாட்டுக்காரர்களோ போட்ட காசு, எங்கேயோ விளைந்த பஞ்சு, எங்கள் ஊர்த் தறி, தூத்துக்குடியில் ஏற்றுகிற கப்பல், அந்தப் பக்கம் வாங்கி வைக்கிற இன்னொரு நாட்டுக் குடோன். உலகம் முழுக்க ஒற்றுமையாகக் கை கொடுத்து, தடையில்லாமல் முடிக்கிற காரியம் இது ஒன்றுதான் போலிருக்கிறது. பெரிய மேசையைச் சுற்றி உட்கார்ந்து தலைவர்கள் சமாதானம் பேசுவதை டிவியில் பார்க்கும்போது இனி இது ஞாபகம் வரும் என்று நினைத்தேன். இப்போது வருகிறது.

"நாளைக்கு மறுநாள் சாயங்காலம் லாரி. அதுக்குள்ள சுத்தம் பண்ண முடியுமா? முடியலேன்னா சின்னதை விட்டுட்டு மத்ததை ஏத்தணும்" என்றார். எழுந்து பேண்டைத் தட்டிக்கொண்டே, "சின்னதுதாங்க ரொம்பக் கேக்கறாங்க" என்றார்.

நாங்கள் உள்ளே வருவதற்குள் மேனேஜர் தன் மூளையைக் காட்டிவிட்டார். பெரிய தொட்டியில் சோப்புப் பவுடரைக் கொட்டி, முதல் கட்டுத் துணியை அதில் முக்கிவிட்டார். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலக்குகிற எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். வெளியே எடுத்தபோது ஒவ்வொரு சின்ன வெள்ளைத் துணியின் மூலையிலும் சிவப்பாக ஒரு பொட்டு. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. எனக்கு அந்தப் பத்து நாளில் முதல் தடவையாகக் கோபம் வந்தது.

"ஏன் சார், இஞ்சினீரிங் காலேஜ்ல இத மட்டும் சொல்லிக் குடுக்கலியா?" என்று கத்திவிட்டேன். அவர் பாவம், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார்.

வெறும் தண்ணீரில் அலச அலசச் சிவப்பு போய் மறுபடி மஞ்சள் வந்தது. மஞ்சளைத் தின்பது வெயில் ஒன்றுதான். எல்லோருமாகச் சேர்ந்து அத்தனையையும் மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனோம். அலசிய பிறகு கொடியில் போட்டால் சுருங்கும் என்று தரையில் சுத்தமான காடாத் துணியை விரித்து, அதன்மேல் ஒவ்வொன்றாக இழுத்துப் பரப்பினோம். காற்றுக்குப் பறக்காமல் ஓரத்தில் கூழாங்கல் வைத்தோம். மறுநாள் மதியத்துக்குள் மாடி முழுக்க வெள்ளை. ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, வரிசை வரிசையாக. நான் நடுவில் நின்று, எந்த வரிசையையும் பார்க்காமல், பாலத்துப் பக்கம் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோரும் கீழே போனார்கள். அவள் போகவில்லை. தண்ணீர்த் தொட்டி நிழலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மறுநாள் வளைகாப்பு.

"கீழ போய்ச் சாப்பிடு. இந்த வெக்கையில உக்காராத. நான் பாத்துக்கறேன்."

"அக்கா, நீங்களும் உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். அவள் துணிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எதுக்குன்னு எனக்குத் தெரியுங்க்கா."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"மொத நாளே தெரியும். கைக்கொழந்தைக்குன்னா ஓரம் தைக்காம வாங்குவாங்களா? நூல் பிரிஞ்சு பிஞ்சு வெரல்ல சுத்திக்காதா? நீங்களும் என்னைய எடம் மாத்தப் பாத்தீங்க. அப்பவே புரிஞ்சு போச்சு. நீங்க ஒண்ணும் சொல்லாம இருந்தீங்க. கேட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு நானும் கேக்குல."

பத்துப் பதினோரு நாளாக நான் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் கோபமாக வந்தது.

"தெரிஞ்சும் எதுக்கு உக்காந்து மடிச்ச? வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு? உங்க வீட்ல தெரிஞ்சா என்னைத்தான் வைவாங்க."

அவள், யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

"எம் மொதக் கொழந்தைய எனக்குக் காட்டலீங்க்கா. நான் மயக்கத்துல இருந்தேன். முழிச்சுப் பாத்தா கொண்டு போய்ட்டாங்க. பொம்பளப் புள்ளைன்னு மட்டும் சொன்னாங்க. எதுலங்க சுத்துனீங்கன்னு எங்க மாமியாரக் கேட்டேன். அதெல்லாம் கேக்கக் கூடாதுன்னுட்டாங்க. எங்கூட்டுக்காரரும் வாயத் தொறக்குல. ஒரு புதுத்துணி எடுத்து, மஞ்ச வெச்சு, அதும் மேல போடலீங்க்கா நான். ஒண்ணே ஒண்ணு போடல."

காற்று வந்து ஒரு துணியின் ஓரத்தைத் தூக்கியது. அவளால் குனிய முடியாது. நான் எழுந்து போய்க் கல்லைச் சரியாக வைத்துவிட்டு வந்தேன்.

"எப்பிடிங்க்கா சுத்துவாங்க?" என்று கேட்டாள். "நீங்க குளிப்பாட்டப் போவீங்கன்னு சொல்லுவாங்க. உங்களுக்குத் தெரியுமல்ல."

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மறுக்க முடியவில்லை. காய்ந்து, மஞ்சள் முழுக்கப் போயிருந்த ஒன்றை எடுத்து வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் விரித்தேன். உள்ளே பிள்ளை இல்லாமல் நான் அதைச் செய்வது அதுதான் முதல் தடவை. முதலில் இடப்பக்கத்தை எடுத்து மேலே போட்டேன். அதன்மேல் வலப்பக்கம். தலைமாட்டில் ஒரு கட்டு, கால்மாட்டில் ஒரு கட்டு. இறுக்கக் கூடாது, தூக்கும்போது பிரியாத அளவுக்குப் போதும். கை தன்பாட்டுக்குச் செய்தது, வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு வந்தது.

"மொகத்த மட்டும் கடைசியாத்தான் மூடுவோம். பெத்தவ பாத்ததுக்கு அப்புறம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் வயிற்றின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அந்த வெறும் துணியைத் தொட்டாள்.

"எம் புள்ளையவும் இப்பிடித்தான் சுத்தியிருப்பாங்களாங்க்கா?"

பிறக்கும்போதே இறந்த பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் எதில் சுற்றிக் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கையில் கிடைத்த பழைய விரிப்பு, அதுவும் இல்லையென்றால் கடையில் துணி போட்டுக் கொடுக்கிற பை. நானே அப்படி வாங்கிப் பிரித்திருக்கிறேன். பதினைந்து வருடத்தில் இந்தக் காரியத்தில் நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை.

"ஆமாங்கண்ணு. இப்பிடித்தான் சுத்தியிருப்பாங்க."

"வெள்ளைத் துணியிலயா?"

"வெள்ளைத் துணியிலதான். புதுசு."

"மொகம்?"

"கடைசியாத்தான் மூடியிருப்பாங்க."

அவள் தலையை ஆட்டினாள். கட்டைப் பிரித்துத் துணியைத் திரும்ப மடிக்கலாம் என்று நான் கையை நீட்டினேன். முடிச்சு எனக்கு அவிழவில்லை. அவள் என் கையை மெதுவாக ஒதுக்கிவிட்டு, இரண்டு முடிச்சையும் தானே அவிழ்த்து, முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம் என்று பிரித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து நாலாக மடித்து, காய்ந்தவற்றோடு வைத்தாள்.